அப்பாவை விட்டுவிட்டுப் போன பஸ்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே, கை நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இன்றைய சேதி கால் சம்பந்தப்பட்டது.

குளியலறை வாசலில் நான் விழுந்த அன்று, இன்னொரு தடவை விழுந்தால் என்னை உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகப் போனில் கண்டிப்பாகச் சொன்னாய், கீழே ஓர் அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாய். உன் அக்கறை புரியாமல் இல்லை. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராகக் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவள் நான், என்னை ஒரு வாசற்படி மடக்கிப் போட்டதே என்று கொஞ்ச நாள் அழுதேன். இந்தப் பார்க்கின்சன் நடுக்க நோய் வந்தவர்களில் சிலருக்கு வாசலைக் கண்டாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளுமாம், உடம்பு மட்டும் முன்னால் போய்விடும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண், தான் நடத்தும் தாய்ச்சி என்கிற சீனத்து உடற்பயிற்சி வகுப்பில் என்னைச் சேர்த்தாள். முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாரும் தண்ணீருக்குள் நிற்பதுபோல் மெல்லக் கையைத் தூக்குகிறார்கள், மெல்லத் திரும்புகிறார்கள், சீக்கிரம் ஏறு சீக்கிரம் இறங்கு என்று கத்தியே காலம் தள்ளியவளுக்கு இது எப்படிப் பிடிக்கும். அவளும் விடவில்லை. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி, கால இழுக்காதீங்கம்மா, மொதல்ல எடைய முழுசா ஒரு கால்ல வைங்க, காலியான கால் தானா வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தளர்த்தி நின்றபோதுதான் உறைத்தது, பஸ் வளைவில் திரும்பும்போது நான் நின்றதே இப்படித்தான். அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை, வீட்டில் ஒரு வாசலை விடாமல் பழகினேன்.

நேற்று வகுப்புக்கு டாக்ஸி வேண்டாம், பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். உன் அப்பா நான் விழுந்தால் தாங்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவர் மாதிரி பின்னாலேயே வந்தார். பஸ்ஸின் படியைப் பார்த்ததும் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் முணுமுணுப்பு, கண்டக்டர் பெண் சீக்கிரம் ஏறுங்கம்மா என்றாள், என் வசனம் எனக்கே. உன் அப்பா, வேணாம், டாக்ஸியிலயே போயிடலாம் வா என்று கெஞ்சினார். அத்தனை பேர் முன்னால் கையை மெல்ல உயர்த்தி, எடையை இடது காலில் இறக்கி, மூச்சை விட்டேன். வலது கால் எழுந்தது. ஏறிவிட்டேன். உட்கார இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று நின்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான், அவ்வளவு திமிர் இல்லை. பஸ் கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தால் உன் அப்பா விரித்த கையோடு கீழேயே நிற்கிறார். பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் காத்திருந்தேன். மனுஷன் அடுத்த பஸ்ஸில் வந்து, பதற்றத்தில் படியைப் பார்க்காமல் இறங்கித் தடுமாறினார். பிடித்தது நான். இரண்டு பேரும் விழவில்லை.

அதனால் அந்த அறையைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடு. வியாதி போய்விட்டது என்று யாரிடமும் சொல்லாதே, போகவில்லை, மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. லீவுக்கு எல்லாரும் வாருங்கள், உங்களை அழைத்துப்போக நாங்கள் பஸ்ஸிலேயே வருகிறோம். அப்பாவிடம் நேற்று நடந்ததை மறக்காமல் கேள், அவர் தடுமாறியதை மட்டும் சொல்ல மாட்டார். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நின்றபடியே எழுதும்,
உன் அம்மா