எலிகளை வரைந்தவர்கள் நாம்தான், அத்தான்

என் அக்காளைக் கைப்பிடித்த நாள்முதல் என்னையும் உடன்பிறந்தவனாகவே நடத்திய அன்பு அத்தானுக்கு,

நீங்கள் மறைந்து எட்டுத் திங்கள் ஆகின்றன. வரும் ஞாயிறன்று மைசூர் ஹெப்பாளில் நம் தமிழ் மன்றத்தின் கண்காட்சி. நீங்கள் வாழ்நாள் முழுதும் திரட்டிய போர்க்காலக் கருத்துப்படங்கள்தாம் அரங்கு முழுவதும். திறந்துவைத்துப் பேசவேண்டியிருந்தவன் நான். மூன்று நாள்களாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

படங்களை அக்காளும் நானும் அடுக்கினோம். நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில், பழைய தாள் கடைகளைக் குடைந்து நீங்கள் எடுத்துவந்தவை. ஒரு நாடு தன் எதிரியை உலகையே வளைக்கும் ஆக்டோபஸ் என்னும் எண்காலியாக வரைந்திருக்கிறது. அந்த எதிரியோ அதே எண்காலிக்கு இந்த நாட்டின் தொப்பியை மாட்டியிருக்கிறான். இங்கே குரங்கு, அங்கே சிலந்தி. எல்லார் வாயிலும் ஒரே கோரைப்பல். தலைப்பையும் நாட்டின் பெயரையும் நறுக்கி அட்டையின் பின்புறம் ஒட்டிவிடுவீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எந்த நாட்டுக்காரன் வரைஞ்சது, சொல்லுங்க பாப்போம்" என்பீர்கள். எவரும் சரியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் சொன்னதும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எல்லையில் போர் மூண்ட நாள்களில், உங்களைக் கேளாமலே ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். படைவீரர்கள் எலிகளாகத் தீக்குள் பெருக்கித் தள்ளப்படும் படம். "நம் பிள்ளைகளைப் பகைவன் எலிகளாக்கிவிட்டான்! இதைக் கண்டும் குருதி கொதிக்காதவன் மனிதனா?" என்று முழங்கினேன். அரங்கே எழுந்து நின்றது. அட்டையின் பின்புறத்தை நான் பார்த்திருக்கவில்லை.

மேடைப் படியருகே என் கையைப் பிடித்தீர்கள்.

"மச்சான், அது அவங்க வரைஞ்சதில்ல. நம்ம பேப்பர்ல நாம வரைஞ்சது. அந்த எலிங்கதான் அவங்க."

"அடுத்த கூட்டத்துல திருத்திடறேன், அத்தான்."

"இந்தக் கூட்டம் இன்னும் வீட்டுக்குப் போகலியே, மச்சான். தெருவுல நிக்குதே."

நின்றது தெருமுனைத் தையற்காரரின் கடைமுன்பு. இதே மைசூரில் பிறந்து வளர்ந்தவர். அவரைப் பகைவன் என்பதற்கு அவர் பெயர் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கடைக் கண்ணாடி நொறுங்கியது. இரண்டே நாளில் அவர் கடையைக் காலி செய்துகொண்டு போனார்.

அடுத்த கூட்டத்தில் நான் திருத்தவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. "எலிப் பேச்சு" என்று ஊரே பெயர் வைத்துப் பாராட்டிய பின் எந்த வாயால் திருத்துவேன்? நீங்களும் ஏன் மறுபடி கேட்கவில்லை, அத்தான்? ஒருநாளேனும் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாகாதா?

இப்போது மீண்டும் எங்கும் போர்ப்பேச்சு. கைப்பேசிதோறும் புதுப்புதுக் கருத்துப்படங்கள். பற்கள் மட்டும் பழையவை. நேற்று மன்றச் செயலாளர் அழைத்தார்.

"ஐயா, அந்த எலிப் பேச்சையே இன்னொரு வாட்டி போட்டுத் தாக்குங்க. ஜனங்க சூடா இருக்காங்க, ஹாலே அதிரும்!"

"வேறு ஏதேனும் பேசலாமே."

"என்னங்கய்யா, வயசாயிடுச்சா? சும்மா யோசிக்காதீங்க. வீடியோ எடுத்து எல்லா குரூப்புக்கும் நானே அனுப்பறேன்."

"ஆகட்டும்" என்றேன். கேட்டீர்களா, அத்தான்? நான் "ஆகட்டும்" என்றேன்! கைத்தட்டலுக்குப் பழகிய நா, நெஞ்சைக் கேளாமல் முந்திக்கொண்டது.

அக்காள் அனைத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"உங்க அத்தான் சட்டை ஒண்ணு இன்னும் அந்த டெய்லர்கிட்டதான்டா இருக்கு."

"எந்த டெய்லர்?"

"நீ பேசித் தொரத்தினியே, அவருதான். அவரு கடைய மாத்தினதுலேருந்து உங்க அத்தான் ரெண்டு பஸ் மாறிப் போயித்தான் சட்டை தைச்சுக்கிட்டாரு. உன்கிட்ட சொல்ல வேணாம், அவனா வரட்டும்னாரு."

"இத்தனை வருஷமாவா?"

"மேடைன்னா மட்டும் ஓடுறே. அங்க போக உனக்குக் காலு இல்லியா?"

நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள் என்றல்லவா இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்? காத்திருந்தீர்கள் என்பது இப்போதல்லவா தெரிகிறது!

உடனே செயலாளரை அழைத்தேன். அந்தப் பேச்சைப் பேசமாட்டேன், அது தவறு என்பதை மட்டுமே பேசுவேன் என்றேன்.

"அப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும், ஐயா."

பார்க்கட்டும். படங்கள் அங்கே தொங்கட்டும். மேடையில் எவரேனும் நிற்கட்டும். நான் சொல்லவேண்டியதை இக்கடிதத்தில் சொல்லிவிட்டேன். இதை இதழுக்கு அனுப்புகிறேன். அச்சேறிய பின் நானே நினைத்தாலும் மறுக்க இயலாது.

நாளைக் காலை அந்தத் தையற்காரர் கடை திறக்கும் வேளையில் வாயிலில் நிற்பேன். அடுக்குமொழி ஒன்றும் எடுத்துச் செல்லமாட்டேன். "அன்று தவறாகப் பேசியவன் நான், தெரிந்த பின்னும் மறைத்தவன் நான்" என்பேன். அவர் ஏசினால் முழுதும் கேட்பேன். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன், அதற்கு மறுநாளும் போவேன். உங்கள் சட்டையை அவராகத் தந்தாலன்றி நான் கேட்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

காலந்தாழ்த்திப் புறப்படும்,
உங்கள் மச்சான்