காற்றுதான் தள்ளியது என்றாள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், சிட்டு மூவரும் நலம். உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் இரண்டே முக்கால் பக்கம் என் மகளைப் பற்றியே எழுதியிருந்தாய். கடைசி இரண்டு வரியில் என் முழங்கால் வலியை விசாரித்திருந்தாய். அது போன வருடமே சரியாகிவிட்டது.

காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் பாதி நாள் கிரேனை நிறுத்திவிடுகிறார்கள். உன் அத்தான் மதியமே வீட்டுக்கு வந்து, சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். எங்கள் பல் செட் கூடத்தில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பாட்டு வாத்தியாருக்குப் பல் செட் செய்து அனுப்பினோம். போட்டுப் பார்த்துவிட்டு 'ச' வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மெழுகில் பல் அடுக்கியது நான். இப்போது மறுபடியும் முதலிலிருந்து அச்சு ஊற்ற வேண்டும்.

இனி ஒரு செய்தி. நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பாய். எங்கள் கூடத்தில் பாலிஷ் போடும் பெண் சைக்கிளில்தான் வேலைக்கு வருவாள். சாப்பாட்டு நேரத்தில், கூடத்தின் பின்முற்றத்தில், அவள் சீட்டைப் பிடித்துக்கொள்ள நான் மிதித்தேன். நாலு பக்கமும் சுவர். ஒரு வாரத்தில் விழாமல் வட்டம் போட்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணி எட்டாம் நாள் தெருவுக்கு வந்தேன். முனை திரும்பியதும் காற்று ஒரு தள்ளு தள்ளியது. நேரே போகவேண்டிய நான் எதிர்ப்பக்கத்துத் தையல் கடை வாசலில் போய் நின்றேன். தையல்காரர் என்ன தைக்க வேண்டும் என்று கேட்டார்.

போன வருடம் நீ பதினைந்து நாள் இங்கே வந்து தங்கி, சிட்டுவுக்குக் காற்றில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் 'சித்தி சொன்னாங்க'தான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, சித்தி சொன்னாங்க. போகும்போது எதிர்க்காற்றில் போகணும், வரும்போது அது நம்மைத் தள்ளிக்கொண்டு வரும், சித்தி சொன்னாங்க. தொளதொளப்பான சட்டை போட்டால் பாய்மரம் மாதிரி இழுக்கும், அதுவும் சித்தி சொன்னாங்க. பதினேழு வருடம் நான் சொன்னவை ஏராளம். அவற்றில் ஒன்றைக்கூட அவள் இப்படி எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் அப்பா உன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிய விடுமுறையில் என்னைக் கேட்கவே இல்லை. பெரியவளுக்கு அதெல்லாம் பயம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். எனக்குப் பயமா இல்லையா என்பது எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது. பயம்தான். அதற்காக என்னைக் கேட்காமல் விட்டிருக்க வேண்டியதில்லை.

நேற்று முதல் தடவையாகச் சிட்டு என்னோடு வந்தாள். தபால் நிலையம் வரை போய் வந்தோம். அம்மா பரவாயில்லையே என்றாள்.

அவளுக்கு அனுப்பியதாக நீ எழுதியிருக்கும் உன் ஊர்க் கல்லூரியின் விண்ணப்பம் இன்னும் வரவில்லை. காற்றுக் காலத்தில் தபால் தாமதமாகத்தான் வரும். தபால்காரரைக் கேட்கிறேன். அவள் எங்கே படிப்பது என்பதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவும் இல்லை. அவளுக்கு நீ தனியாகக் கடிதம் போடுவதற்குப் பதிலாக என் பெயருக்கே எழுதலாம். நான் படித்துச் சொல்லிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

* * *

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்டு சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். வலது பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு முறிந்திருக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை. கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீ பதறிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

இதற்குமேல் எழுதப்போவதை நான்கு தாளில் எழுதி நான்கையும் கிழித்துப் போட்டேன்.

நீ அனுப்பிய விண்ணப்பம் வந்துவிட்டது. போன கடிதத்தில் வரவில்லை என்று உனக்கு எழுதினேனே, அதற்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. அவள் பெயருக்கு, உன் கையெழுத்தில், தடித்த உறை. தபால்காரரிடமிருந்து வாங்கியது நான்தான். வேலைக்குக் கொண்டுபோய் என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய பல் அச்சுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். பத்தொன்பது நாள் அங்கேயே இருந்தது.

அவள் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உனக்கு எழுதிக் கேட்க அவளுடைய ரோஷம் விடவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, சித்தி மறந்துட்டாங்க போல, விடும்மா என்றாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அதை உன்னிடம் மறைத்து இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோஜனமில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் ஒவ்வொரு நாள் மாலையும் என்னோடு சைக்கிளில் வரத் தொடங்கினாள். உன் கடிதத்துக்குக் காத்திருந்த நேரத்தை எனக்குக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பின்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். இருவரும் மிதிக்காமலேயே பாலம் வரை வந்துவிடுவோம். இத்தனை வருடத்தில் அவளோடு நான் அவ்வளவு சிரித்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை கிடங்குச் சாலைக்குப் போனோம். உனக்குத் தெரியும், கடல் பக்கம் வரிசையாகக் கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சந்து. கிடங்குச் சுவரின் மறைவில் போகும்போது காற்றே இருக்காது. சந்து வந்ததும் பக்கவாட்டில் அடிக்கும். முதல் சந்தில் நான் தடுமாறியதைப் பார்த்து, சிட்டு கடல் பக்கமாக வந்து என்னை ஒட்டி ஓட்டினாள். காத்து என் மேல அடிக்கட்டும்மா, நீ நேரா பாத்து மிதி என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் பெற்ற பெண் எனக்குக் காற்று மறைக்கிறாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தோணுதுடி என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன். சித்தி எனக்கு இப்படித்தானே ஓட்டினாங்க என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு யாரும் மறைக்க வேண்டாம், எனக்கே ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்து முன்னால் போனேன். அடுத்த சந்து அகலமானது. அன்றைக்குக் காற்றும் பலம். விழாமல் இருக்கக் கடல் பக்கமாக உடம்பை நன்றாகச் சாய்த்துக்கொண்டேன். அம்மா, சுவர் வந்ததும் காத்து நின்னுடும், மெதுவா போ என்று பின்னாலிருந்து கத்தினாள். எனக்குக் காதில் விழுந்தது. இதையும் நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தேன்.

சுவர் வந்தது. காற்று சட்டென்று நின்றது. காற்றின் மேல் சாய்ந்திருந்தவள் நான்; அது விலகியதும் சைக்கிள் அப்படியே கடல் பக்கம் திரும்பிவிட்டது. அதே நேரம் அவள் என்னைப் பிடிக்க அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். நான் போய் அவள் மேல் மோதினேன். அவள் கிடங்குச் சுவரில் தோளை அடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, காத்துதான் தள்ளிடுச்சு என்றாள் சிட்டு. உன் அத்தான் ஓடிவந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். கிரேனையே நிறுத்திட்டாங்க, இந்தக் காத்துல உங்களை யார் சைக்கிள் எடுக்கச் சொன்னது என்று அவர் கேட்டார். நான்தாம்பா கூப்பிட்டேன் என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கூடத்துக்குப் போய் உறையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். எப்போது வந்தது, எங்கே வைத்திருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உறையைத் திருப்பிப் பார்த்து, படிச்சியா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஒரு கையால் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தாள். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள். நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தலை வாரிவிடப் போனால் அப்பா வாரட்டும் என்றாள். கிரேன் பிடிக்கிற கையால் அவர் போட்ட சடையை நீ பார்த்திருக்க வேண்டும். அவரிடமும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள். கடைசித் தேதி இருபத்தெட்டு, என்னால எழுத முடியாது, நீதான் எழுதணும் என்றாள். உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறந்த தேதியை மட்டும் அவள் சொல்லும் முன்பே எழுதிவிட்டேன். அங்கே மாணவிக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு கட்டம். சித்தின்னு போடு என்றாள். உன் பெயரை எழுதினேன். எவ்வளவு நிதானமாக எழுதியும் கடைசி எழுத்து கோணிவிட்டது. அடுத்தது, பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் சொல்ல விரும்புவது என்று மூன்று வரி இடம். அதை நான் சொல்லக் கூடாது, நீயா எழுது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வரி போதவில்லை. ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தாள். பிறகு, தலை அரிக்குதும்மா, கொஞ்சம் வாரி விடு என்றாள்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கல்லூரிக்கு நேராக அனுப்பாமல் உன் கைக்கு அனுப்புகிறேன். நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு.

நான் செய்ததற்கு ஒரே பெயர்தான், பொறாமை. உன் மேல் எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு. உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒருநாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதற்காகவும் பொறாமைப்பட்டிருக்கிறேன். இதையெல்லாம் எழுதிவிட்டதால் அது போய்விட்டது என்று நினைக்காதே. இப்போதும் இருக்கிறது. அவள் உன் வீட்டு வாசலில் வந்து இறங்கி, உன்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தாலே இங்கே எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் அவளைப் போகாமல் நிறுத்தி வைத்துக்கொண்டால், என் பக்கத்தில் இருப்பது அவளாக இருக்காது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நல்ல செய்தியெல்லாம் அவளே எழுதுவாள். காய்ச்சல் வந்தாலோ, பரீட்சையில் தவறினாலோ, தனியாக உட்கார்ந்து அழுதாலோ எனக்கு நீ எழுது. அம்மாவிடம் சொல்லாதே என்று அவள் உன்னிடம் சொல்வாள். அப்படிச் சொன்னாலும் எழுது.

அவளை நன்றாகப் பார்த்துக்கொள். ரொம்பவும் நன்றாக வேண்டாம்.

உன் அக்கா