ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள்

ஸ்டூர்விக்கா, ஜூன் 28

அன்பு மகள் இங்குன்னுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், உன் பழைய அறை ஜன்னல் விளிம்பில் குடியிருக்கும் கடற்புறா ஜோடியும், அவற்றின் இரண்டு குஞ்சுகளும் சுகம். கணவன் கப்பலுக்குப் போய்விட, லிஸ்பனில் தனியாக இருக்கும் நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு வருவதைவிடப் பறவைதான் பெரிதா என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன்மேல் கோபம் வந்தது. அதைவிடக் கோபம் நம் கட்டடச் சங்கத் தலைவர் குட்லெய்ஃப் மேல். மே மாதம் எல்லோரும் கூடிக் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் நாளில், படகுக் கொட்டகையில் கிடந்த பழைய மீன்வலையைக் கொண்டுவந்து மற்ற வீட்டு ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் கட்டிவிட்டார், அவர் கார்மேல் எச்சம் விழுகிறதாம். "அதுங்களுக்குத்தான் கடலோரப் பாறை இருக்கே, அங்க போய்க் குஞ்சு பொரிக்கட்டும்" என்று வாய் நிறைய வாஃபிள் பலகாரத்தோடு எனக்கு உபதேசம் வேறு. பாறைப் பக்கம் போய்ப் பார்த்தாரா அந்த மனுஷன்? நான் போனேன். அத்தனை கூட்டிலும் ஒரு குஞ்சு இல்லை, எல்லாவற்றையும் கழுகு தூக்கிவிட்டது. பாறைப் பறவைக்கு வளர்க்கத் தெரியாதா என்ன? அதே கடல், அதே மீன், அதே பாடு. நம் சுவரில் ஜன்னலுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருப்பதால் கழுகு கிட்டே வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் உன் ஜன்னலில் வலை கட்ட நான் விடவில்லை. நான் கிளம்பி வீடு காலியாகக் கிடந்தால் மறுநாளே கழுகு வந்து நிற்கும்.

போன வாரம் அந்த வலையில் ஒரு பறவை தலைகீழாகச் சிக்கிக் கதறியது. குட்லெய்ஃப் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் மனைவி ஓஸ்ஹில்ட்தான் சமையலறைக் கத்தரியோடு ஏணியில் ஏறி, பறவையை விடுவித்து, மொத்த வலையையும் அறுத்துத் தள்ளினாள். "வாயைப் பொளந்துட்டு நிக்காம ஏணியையாவது பிடிங்க" என்று அவள் போட்ட சத்தம் துறைமுகம்வரை கேட்டது. நேற்று வந்து நம் வீட்டுச் சாவியைக் கேட்டாள். குஞ்சுகள் பறக்கும்வரை பகலெல்லாம் ஜன்னலருகே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாளாம். "புள்ள பெறப்போறவ அங்க ஒத்தையா கிடக்கா, நீ இங்க பறவைக்குக் காவலா?" என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள். குஞ்சுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஊரோடு சண்டை போட்டவளுக்கு, பெற்ற மகள் ஞாபகம் வராமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் தேதி வருகிறேன். பாரமான எதையும் தூக்காதே. வாசல் மணி அடித்ததும் ஓடி வராதே, மெதுவாக வா, நான் எங்கும் போய்விட மாட்டேன். நல்லபடியாகப் பெற்றெடுத்துப் பிள்ளையும் நீயும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
தூர்பியோர்

குட்லெய்ஃபுக்கு இனி மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான், அந்த ஜன்னலைப் பார்த்தபடி. ஓஸ்ஹில்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.