நிச்சயதார்த்த சிடியில் வெட்டுப்பட்ட பதினோரு நொடி

திருவொற்றியூர் குப்பம்,
12-2-2003

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை காவேரி மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, என் மனசு மட்டும்தான் சரியில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வடிவுடையம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். பக்கத்துத் தெரு தாவூது நாளை அங்கே விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், நல்ல பிள்ளைதான், ஆனாலும் உறையை இரண்டு தரம் ஒட்டி ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், கையெழுத்து கிழிந்திருந்தால் உடனே சொல். அம்மா பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

காவேரியின் நிச்சயதார்த்த சிடியைப் பார்த்துவிட்டு, சம்பந்தி பேசிய இடத்தைக் காணோமே என்று போனில் கேட்டாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியாததா, தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் சபையில் கேட்பார், அப்போது பேசியதுதான் பேச்சு, தட்டு மாறிய பிறகு யார் என்ன சொன்னாலும் செல்லாது. கல்யாணத்துக்குப் பிறகும் காவேரி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போவாள், அதற்குச் சம்மதமா என்று பெரியவர் கேட்டார், பையனின் அப்பா வரதன் சம்மதம் என்றார், என் காதால் கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அதே மனிதர் எண்ணூரிலிருந்து வந்து சாவகாசமாக டீயைக் குடித்துவிட்டு, வேலைய வுட்ர சொல்லு சம்பந்தி, நம்ம வூட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு என்கிறார். சபையில் ஒத்துக்கொண்டீர்களே என்றால், நான் எப்போ சொன்னேன், சிடியப் போட்டுக் காட்டு என்கிறார். சிடியில் பெரியவர் கேட்க எழுந்து நிற்கிறார், அடுத்த நொடி தட்டு மாறுகிறது, இடையில் ஒன்றுமே இல்லை. காவேரி அன்று சாப்பிடவில்லை. அவள் ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, கல்யாணத்தோடு அது போய்விடுமா?

வீடியோ எடுத்த திலீப் மாப்பிள்ளைப் பையனோடு ஒன்றாகப் படித்தவன், சந்தேகப்பட எனக்கு இது போதாதா? திங்கட்கிழமை தண்டையார்பேட்டையில் அவன் கடை திறக்கும்போதே போய் உட்கார்ந்து, யார் சொல்லி வெட்டினாய் என்று கேட்டேன். அவன் கோபப்படாமல், வெட்டாதது அப்டியே கம்ப்யூட்டர்ல கீது, குந்து நைனா, காட்றேன் என்றான். கேட்டவுடனே காட்டுகிறானே, இதிலும் என்ன சூதோ என்று நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் மேலே படம் துண்டு துண்டாக வரிசையில் நிற்கிறது, அதன் கீழே சத்தம் கோடாகத் தெரிகிறது, மேளம் அடித்த இடத்தில் மீன் முள் மாதிரி மேலும் கீழும் நெருக்கமாக, பேச்சு வரும் இடத்தில் குட்டையாக, யாரும் பேசாத இடத்தில் வெறும் நூலாகப் படுத்துக் கிடக்கிறது. படத் துண்டின் ஓரத்தை மவுஸால் பிடித்து உள்ளே தள்ளினால் அந்த நேரமே மறைந்துவிடுகிறது, வெளியே இழுத்தால் திரும்ப வந்துவிடுகிறது. இத்தனை சுலபமாக ஒரு பேச்சை மறைக்கலாம் என்றால் எதைத்தான் நம்புவது என்று அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தை வெளியே இழுத்தான். பெரியவர் கேட்கும் இடத்தில் குட்டைக் கோடு, அதற்குப் பிறகு நூல், வெறும் நூல்தான் நர்மதா, பதினோரு நொடி. வரதன் தோள் துண்டைச் சரிசெய்கிறார், வாயைத் திறக்கவில்லை. பிறகு திடீரென்று உயரமாக ஒரு கோடு. இதோ சம்மதம் என்கிறார் பார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். திலீப் ஓட்டிக் காட்டினான். அது என் குரல். ராகு காலம் வந்துகினு கீது பெரியவரே, அவருக்கு சம்மதந்தான், தட்ட மாத்துங்க என்று நான்தான் கத்தியிருக்கிறேன்.

மூன்று தரம் போடச் சொன்னேன், வேறு யார் குரலையாவது சேர்த்துவிட்டானோ என்றுகூடப் பார்த்தேன், என் குரல்தான், என் அவசரம்தான். எல்லாரும் சும்மா குந்திகினு இருந்தாங்கோ, நீ மட்டும் கத்தின, பாக்க நல்லாவா இருக்கும், அதான் வெட்டிட்டேன் நைனா என்று அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். என் மானத்தைக் காப்பாற்றியவனைத்தான் ஒரு வாரமாகத் திருட்டுப்பயல் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து காவேரியிடம் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை, அவரு பதில் சொல்லலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்பா, நீ அவ்ளோ சந்தோசமா இருந்த, அதான் சொல்லல என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு எண்ணூர் போகிறோம், காவேரியும் வருகிறாள், கேள்வியை அவளே கேட்கப் போகிறாள். தட்டு மாறிய பிறகு கேட்பது வழக்கமா என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும், சம்மதம் வராவிட்டால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம், அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். அங்கே குளிர் போகும்வரை அவனுக்குத் தலையில் துணி கட்டாமல் வெளியே விடாதே. இன்னொன்று நர்மதா, உன் கல்யாணத்தின்போது நீ பார்த்த டைப்பிஸ்ட் வேலையைப் பற்றி நான் சபையில் கேட்கவே இல்லை, உன்னிடமும் கேட்கவில்லை. நீயும் தங்கை மாதிரிதான் பேசாமல் இருந்துவிட்டாயோ என்று இரண்டு நாளாக எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மறக்காமல் பதில் எழுது, யாரும் பக்கத்தில் இல்லாதபோது நீயே எழுது, எத்தனை நாள் ஆனாலும் சரி, உன் பதில் இன்னதுதான் என்று நானாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தண்டபாணி