மைப் புட்டியில் ஆறு பிள்ளைகள்

அண்ணா,

அம்மாவோடு சத்தியவேடு சந்தைக்குப் போகிறேன். கூழ் அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

இன்று மலேரியாக்காரர்கள் சுவருக்கு டி.டி.டி. அடிக்க வருகிறார்கள். அவர்கள் தெருமுனையில் தெரியும்போதே, மாடத்தில் கறுப்புத் துணி சுற்றிய மைப் புட்டியை எடுத்துப்போய்ப் பூவரசு நிழலில் வை. குலுக்காதே. மருந்து பட்டால் எல்லாம் செத்துவிடும்.

எல்லாம் என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? நேற்று வரை தாய் எறும்பும் வெள்ளைப் புழுக்களும் மட்டும்தான். இன்று காலையில் அதைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நடக்கின்றன!

"பட்டினி போட்டே சாவடிக்கிறியேடி" என்று சொல்லி நீ புட்டிக்குள் வெல்லம் போட்ட அன்று, அதை உடனே வெளியே எடுத்துவிட்டு உன்னைத் திட்டிவிட்டேன். பத்து நாளாக நாம் பேசவில்லை. போன வருஷம் நான் போட்ட வெல்லத்தில் பூஞ்சணம் பிடித்துத்தான் முதல் தாய் செத்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தாய் இறக்கை உதிர்த்த நாளிலிருந்து நாற்பது நாள் ஒன்றும் தின்னாமல், தன் வாயிலிருந்தே அந்தப் புழுக்களுக்கு ஊட்டியது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே பார்த்தேன். இதையெல்லாம் எழுதிவைத்த என் நோட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. இன்று காலை எழுதிய கடைசிப் பக்கம் மட்டும் படி.

தாட்சாயணி

நைனாவைப் பார்த்துக்கொள். போன தடவை மருந்தடிக்க வந்தவர்களை எந்த வீட்டில் தமிழ், எந்த வீட்டில் தெலுங்கு என்று எல்லைக் கணக்கு எடுப்பவர்கள் என்று நினைத்து, "நாங்க தமிழுதான், எழுதிக்கோ!" என்று மல்லுக்கு நின்றார்.

இன்னொன்று. பிள்ளைகள் வந்துவிட்டதால் இனித் தீனி வேண்டும். புட்டி வாயை அடைத்த பஞ்சை விலக்கி, ஈர்க்குச்சி நுனியில் ஒரே ஒரு சொட்டு வெல்லத் தண்ணீர். முதல் சொட்டை நான் வைக்கவில்லை. உனக்காக விட்டிருக்கிறேன்.