வலது ஓரம் வெட்டிய தாள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். உடம்புக்கு என்று நான் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் நீ ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் போதும், நான் இளகிவிடுவேன், கேட்க நினைத்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அப்பாவுக்கு இரண்டாவது கண் ஆபரேஷனும் முடிந்து இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது, அதனால் வீட்டிலுள்ள தூசி முழுக்க அவர் கண்ணுக்குத்தான் தெரிகிறது, இத்தனை வருஷமா இப்படியா வச்சிருந்தே என்று என்னையே கேட்கிறார். மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாயிற்று. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். உன் மாமா மரக்கால் அறுக்க, நான் கேன்வாஸ் துணியில் இருக்கை தைக்க, அக்காவும் தம்பியுமாக மடக்கு ஸ்டூல் போட ஆரம்பித்தோம். ஆறு மாதம் ஆனதும் நீ கேட்டாய், ரெண்டாவது, நாலாவது, ஆறாவது மாசம் எத்தனை ஸ்டூல் வித்துச்சுன்னு மட்டும் சொல்லும்மா, மூணு புள்ளி போதும், மிச்சத்தை இருபடிச் சமன்பாடு சொல்லிடும் என்று. எந்தச் சரக்கு எத்தனை நாள் ஓடும் என்று பெரிய கம்பெனிகளுக்கே கணக்குப் போட்டுக் கொடுக்கிற பெண், நம் ஸ்டூலுக்கும் போடுகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று இருபத்திரண்டு, நூற்று எழுபத்தெட்டு, இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதி அனுப்பினேன். நீ ஒரு வரைபடம் அனுப்பினாய். கோடு இடது பக்கம் கீழே தொடங்கி வளைந்து மேலே ஏறி, பத்தாவது மாதத்தில் இருநூற்றைம்பதைத் தொட்டு நின்றது. நல்லா ஏறுது பாரும்மா என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அந்தத் தாளின் வலது ஓரம் மட்டும் கத்தரியால் வெட்டியிருந்தது. உறைக்குள் அடங்குவதற்காக வெட்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் நான், எது அளவுக்கு வெட்டியது, எது மறைக்க வெட்டியது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளை நம்பித்தான் பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்தேன். அதை நம்பித்தான் சீருடை ஃபாக்டரியில் பதினொரு வருஷம் வேலை பார்த்த இடக்கையை, அதுதான் இடது கையால் கத்தரி பிடிக்கிற டெய்லர், நான் நச்சரித்து இங்கே கூட்டி வந்தேன். யோசிக்கணும்க்கா என்றாள். என் பொண்ணு கணக்குப் போட்டுப் பாத்துட்டா, அவ கணக்கு தப்பாது என்று சொல்லி அவளுக்கு உன் தாளைக் காட்டினேன். மூன்றாவது மெஷினுக்கு நெட்டச்சியும் வந்து சேர்ந்தாள், நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவாள், அவ்வளவு உயரம். பத்தாவது மாதம் உன் மாமா, மரத்தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கலேக்கா என்று இருமிக் காட்டிவிட்டு விலகிக்கொண்டான். நான் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன், அன்றிலிருந்து ஸ்டூல் கால்களை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவன் யாரோ வீடு கட்டுகிறவரிடம் சமையலறை அலமாரி செய்கிறான், அந்த மரத்தில் மட்டும் தூசி வராது போலிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் விட்டுப் போன மேஜையைத் துடைத்தேன். இழுப்பறையில் உப்புத்தாள் கட்டுக்கு அடியில் அதே வரைபடம் இருந்தது, ஆனால் வெட்டாத தாள். கோடு பத்தாவது மாதத்தில் நிற்கவில்லை, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி அந்தப் பக்கம் இறங்கியது, இருபத்தொன்றாம் மாதம் எட்டே ஸ்டூல் என்று போட்டிருந்தது. கீழே உன் கையெழுத்து. பத்தாம் மாசம்தான் உச்சி மாமா, நீங்க அதுக்குள்ள வேற ஏற்பாடு பாத்துக்குங்க, அப்பா கண் ஆபரேஷன் முடியிற வரைக்கும் அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாங்க என்று எழுதியிருந்தாய். ஈரத்துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு துணி வெட்டுகிற அச்சுத்தாளின் பின்பக்கம் நானே போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ராவில் நான் மட்டம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எவ்வளவு கூடியது என்று பார்த்தால் முதலில் ஐம்பத்தாறு, அப்புறம் நாற்பது. பதினாறு குறைகிறது. அப்படியே போனால் இருபத்துநாலு, எட்டு, அதற்கப்புறம் மைனஸ் எட்டு. விற்பது கூடிக்கொண்டே இருந்தது, கூடுகிற அளவு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது, சந்தோஷத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. உன் தாளில் பதினான்காம் மாதத்துக்கு நேரே இருநூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. அந்த மாதம் நான் விற்றது இருநூற்றுப் பத்தொன்பது. கணக்குத் தப்பாகியிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இருபத்திரண்டாம் மாதம் மைனஸ் முப்பத்தெட்டு வருகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை, வாங்கினவர்களே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு திரும்ப வருவார்களோ என்னவோ.

உன் மாமா செய்ததுகூட எனக்கு ஆறிவிடும், சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், விளையாட்டில் தோற்கப் போகிறான் என்றால் வயிற்றை வலிக்கிறது என்பான். ஆனால் நீ? அம்மா தாங்க மாட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? உன் தங்கை தவறிப்போனபோது தாங்கவில்லையா, உன்னை அத்தனை தூரம் அனுப்பிவிட்டுத் தாங்கவில்லையா? ஸ்டூல் விற்காமல் போவதையா தாங்க மாட்டேன்? சரி, ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தாய். அது முடிந்து நாலு மாதம் ஆகிறதே. காதும் காதும் வைத்த மாதிரி நீயும் மாமாவும் பேசிக்கொண்டீர்கள், இங்கே நான் உன் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். என் வயிறு எரிகிறது சின்னு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலைதான் அந்த இரண்டு பேரிடமும் வெட்டாத தாளைக் காட்டிச் சொன்னேன். நெட்டச்சி, போனாப் போகுதுக்கா, சோபா உறை தைக்கலாம், வண்டி சீட் உறை தைக்கலாம் என்று மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். இடக்கை மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இது உங்களுக்கு எப்பக்கா தெரியும் என்று கேட்டாள். மூன்று வாரமாக என்றேன். மூணு வாரமா எங்ககூட உக்காந்து சாப்பிட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லலியே என்றாள். அவள் மகளுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த வார்த்தை உன்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது, வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் அவள் பழைய ஃபாக்டரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சேர்த்துக்கொள்கிறார்களாம், ஆனால் புது ஆளாக. பதினொரு வருஷமும் கணக்கில் வராது. நீ அன்றைக்கே முழுத் தாளை அனுப்பியிருந்தால் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்தே இருக்க மாட்டாள். அவளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், நான் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பல் வலியைத் தள்ளிப் போடாதே, டாக்டரிடம் போ. என் கோபம் எத்தனை நாள் இருக்கும் என்று கணக்குப் போடாதே, அது எப்படியும் இறங்கிவிடும், உனக்கும் தெரியும். நீ தொட்ட வேலை எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், உன்னிடம் யாரும் எதையும் மறைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் இப்போதைக்கு என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வேலை நன்றாகப் போகிறது, வீடு வசதியாக இருக்கிறது, ஒரு கவலையும் இல்லை என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், நானும் படித்துவிட்டு நிம்மதியாக மடித்து வைத்துவிடுவேன். இந்த மூன்று வாரமாக அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வலது ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

கோபம் தீராத,
உன் அம்மா