லெனீராவின் நிறம்

ஜனவரி 29, 2019, செவ்வாய்

லெனீராவுக்கு மருத்துவப் படிப்பு கிடைத்துவிட்டது! மூன்றாவது முறை எழுதி. அம்மா துணி துவைத்த ஈரக் கையோடு தெருவில் இறங்கி, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். கறுப்பர்கள் நிறைந்த இந்தச் சால்வடாரில் எங்கள் மேட்டுத்தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் என் தங்கை.

ஒதுக்கீட்டு இடம். அரசுப் பள்ளியில் படித்த கறுப்பர், மாநிறத்தவருக்கானது. விண்ணப்பத்தில் ‘மாநிறம்’ என்று போட்டிருக்கிறாள். வேறு என்ன போடுவாள்? பஸ் ஓட்டிய எங்கள் அப்பா கருங்கறுப்பு. நான் அப்பாவை உரித்து வைத்தவள். அவள் அம்மாவின் அண்ணன்களைப் போல. வெளுத்த தோல், கூரான மூக்கு.

இனி முகம் பார்க்கிற குழு ஒன்றுதான் பாக்கி. கறுப்பன் என்று பொய் சொல்லி நுழைகிற பணக்கார வெள்ளைப் பிள்ளைகளைத் தடுக்க வைத்த குழு. அது கட்டாயம் வேண்டும் என்று என் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

நிராகரித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 13

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லையாம். மூன்று பேர், ஒரு கேமரா. “பேர் சொல்லும்மா. ‘நான் மாநிறத்தவள்’னு கேமராவப் பாத்துச் சொல்லு. இப்படித் திரும்பு. போகலாம்.” அவ்வளவுதான்.

“அப்பா போட்டோவ எடுத்தேன்கா. பாக்கவே இல்ல. உள்ள வைம்மான்னுட்டாங்க” என்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மாதான் கத்தினாள். “ஒரே வயித்துல பொறந்த ரெண்டுல ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளையா? அப்போ நான் யாருகிட்ட போனேன்னு சொல்றாங்க? உங்கப்பன் இருந்திருந்தா பஸ்ஸோட உள்ள விட்டிருப்பான்.”

பிப்ரவரி 14

பேராசிரியர் அடல்ஜீசாவைப் பார்த்தேன். என் ஆய்வு வழிகாட்டி. அந்த மூன்று பேரில் ஒருவர். என்னைவிடக் கறுப்பு.

“உன் தங்கச்சின்னு தெரிஞ்சிருந்தா அந்த நாற்காலியில நான் உக்காந்தே இருக்க மாட்டேன் ஜுசாரா. உங்க குடும்பப் பேர்ல இந்த ஊர்ல பாதி ஜனம் இருக்கு, நான் என்னத்தக் கண்டேன்?”

“இப்போ தெரிஞ்சிருச்சில்ல?”

“தெரிஞ்சா? கண்ண மாத்திக்கவா? ஒண்ணு கேக்கறேன். கடைக்குப் போனா காவலாளி எப்பவாவது அவ பின்னாடி வந்திருக்கானா?”

இல்லை. என் பின்னால்தான் வருவான்.

“ரத்தத்தப் பாக்கக்கூடாது, தெரு எதப் பாக்குதோ அதத்தான் குழுவும் பாக்கணும். இத எழுதினது யாரு?”

நான்தான். அழகான வாக்கியம் என்று அன்று பாராட்டினார்.

அதை இன்றும் அடித்து நீக்க மாட்டேன். எவனோ ஒரு முப்பாட்டன் கறுப்பு என்று சொல்லிக்கொண்டு காரில் வந்து இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் தப்பில்லை. என் தங்கையும் பொய்யில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பிப்ரவரி 17, ஞாயிறு

மேல்முறையீடு புதன்கிழமை. வேறு மூன்று பேர் பார்ப்பார்கள். குடும்பத்தினருக்கு உள்ளே அனுமதி கிடையாது.

அம்மா அவளை மொட்டைமாடி வெயிலில் உட்கார வைத்து, முதுகில் எண்ணெய் தேய்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்தத் தலையைச் சூட்டுக்கம்பியால் இழுத்து இழுத்து நீட்டி, ‘இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்க’ என்றவள், இன்று உப்புத்தண்ணீர் தெளித்து ஒவ்வொரு சுருளாக விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “சுருளுடி, சுருளு” என்று முடியோடு பேசினாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா செத்த பிறகு இப்படிச் சிரித்ததில்லை.

அம்மா கீழே போனதும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “அக்கா, நீ சொல்லு. நான் கறுப்பா?”

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தங்கச்சி நீ, வேற என்ன என்றாவது சொல்லியிருக்கலாம். பாழாப்போன வாய்... யோசித்தேன். ஒரு நொடி. ஆய்வு செய்கிறவள் இல்லையா, யோசிக்காமல் பேசுவேனா?

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “சரி விடு” என்று எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 20

மறுபடியும் இல்லை. இதற்கு மேல் முறையிட இடமில்லை.

வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். வெளியே வந்தவள் என்னைத் தாண்டி நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி. உட்காரப் போனேன். பையை எடுத்து அதில் வைத்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

கார்னிவல். ஊரே தெருவில் ஆடுகிறது. லெனீரா கூரிச்சிபாவுக்குப் போய்விட்டாள். தெற்கே, வெள்ளையர் நிறைந்த குளிர் ஊர். அம்மாவின் சித்தி மகள் அங்கே இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை வாங்கித் தருவாளாம். நான் நூலகத்திலிருந்து வருவதற்குள் கிளம்பியிருந்தாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். மேளச் சத்தம் சுவரில் அதிர்கிறது.

மே 9

நான் போனில் எழுதி அனுப்புவதை லெனீரா படிக்கிறாள். பதில் இல்லை. அம்மாவோடு மட்டும் பேசுகிறாள்.

ஜூலை 22

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். அந்த அத்தியாயத்தை மாற்றவில்லை. பேராசிரியர் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு வந்து அவித்த பயறும் சோறும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 12, சனி

லெனீரா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அம்மா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுக்க வேண்டியதாயிற்று. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“டாக்டர் ஆயிட்டியாமே” என்றாள்.

“ஊசி போடத் தெரியாத டாக்டர்.”

மெல்லச் சிரித்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள், யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்வது போல.

“நேத்து ஒரு கிழவி மாத்திரை வாங்க வந்துச்சுக்கா. எடுத்துக் குடுத்தேன். கையால வாங்கல. ‘உள்ள வேற பொண்ணு இருந்தா கூப்பிடு, வெள்ளப் பொண்ணா’ன்னு கேக்குது. முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனா என்னக் கறுப்பின்னுதான் கூப்பிடுவாரு, செல்லமா. இங்க நான் கறுப்பிக்கா. குழு கிழு ஒண்ணும் போடல. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு எல்லாருக்கும்.”

இந்த முறை யோசிக்கவில்லை. “இனி என்னடி பண்ணப் போற?” என்றேன்.

அடுத்த மாதம் மறுபடி பரீட்சை எழுதுகிறாளாம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே, அதே ஒதுக்கீட்டில். அங்கேயும் குழு உண்டு.

“நான் வரட்டுமா? உள்ள விடமாட்டாங்க. வாசல்ல உன்கூட நிக்கிறேன்.”

தூரத்தில் ஏதோ வண்டி போகிற சத்தம்.

“வேணாம்கா” என்றாள். “நீ பக்கத்துல நின்னா நான் மறுபடியும் வெளுத்துருவேன்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா ஈரத்தலையோடு வந்து கை நீட்டினாள். போனைக் கொடுத்துவிட்டேன்.